அப்பாவின் சி.டி. ஸ்கேனும் வீட்டு வைஃபையும்: எந்தக் கதிருக்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது. முப்பது வருடம் புகைபிடித்தவர். நிறுத்தி நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக இருமல் விடாததால் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். வலது பக்கம் ஒரு நிழல் தெரிகிறது, சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்றார் மருத்துவர். அந்தக் கதிர்வீச்சே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உறவினர்கள் சொன்னதைக் கேட்டு, அப்பா மூன்று வாரமாக மறுக்கிறார். ஸ்கேன் எடுத்தால் பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாதாமே? வீட்டில் வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு வேறு இருக்கிறது. எல்லாம் சேர்ந்தால் உடம்பு தாங்குமா? எம்.ஆர்.ஐ. எடுத்தால் போதாதா?

பதில்: முதலில் ஸ்கேனை எடுத்துவிடுங்கள். போன மூன்று வாரமே அதிகம். இத்தனை வருடம் புகைபிடித்தவருக்கு விடாத இருமல், எக்ஸ்ரேயில் நிழல் என்றால், அது என்னவென்று தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து. பழைய தழும்பாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். எக்ஸ்ரே ஒரு தட்டையான படம். விலா எலும்பு, இதயம், ரத்தக்குழாய் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடக்கும். சி.டி. அதே நெஞ்சை மெல்லிய துண்டு துண்டாகக் காட்டும். நுரையீரலுக்குள் பெரும்பாலும் காற்று என்பதால் எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் மங்கலாகத்தான் தெரியும். அதனால்தான் உங்கள் மருத்துவர் சி.டி. கேட்டிருக்கிறார்.

சரி, பயத்துக்கு வருவோம். உறவினர்கள் சொன்னதில் ஒரு பாதி உண்மை. உடம்பில் ஏறும் கதிரை மில்லி சீவர்ட் என்ற அலகால் அளப்பார்கள். ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏறுவது சுமார் 0.1 மில்லி சீவர்ட். நெஞ்சு சி.டி.யில் சுமார் 6. அறுபது மடங்கு! கேட்டால் யாருக்கும் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் மண், பாறை, காற்று, வானம் இவற்றிலிருந்து உலகில் ஒருவருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் எப்படியும் வந்துகொண்டே இருக்கிறது. அதாவது இந்த ஸ்கேன், இரண்டரை வருடத்தில் இயற்கையாகவே வந்து சேரும் கதிருக்குச் சமம். இதனால் பின்னாளில் புற்றுநோய் வரும் கூடுதல் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்பது கணக்கு. வயது ஏற ஏற அது இன்னும் குறையும். ஒரு நிழலைக் கவனிக்காமல் விடுவதன் ஆபத்தோடு இதை ஒப்பிடவே முடியாது.

குழப்பம் வருவது ஒரே சொல்லால்தான். வானொலி அலை, மைக்ரோவேவ், ரிமோட்டிலிருந்து வரும் அகச்சிவப்பு, கண்ணில் படும் வெளிச்சம், புற ஊதா, எக்ஸ்ரே, காமா எல்லாவற்றுக்குமே கதிர்வீச்சு என்றுதான் பெயர். எல்லாம் மின்காந்த அலைதான், எல்லாம் ஒரே வேகத்தில்தான் போகின்றன. இந்த அலைகள் ஆற்றலைச் சிறுசிறு துகள்களாகப் பிரித்துத்தான் கொண்டுவருகின்றன. வித்தியாசம் ஒவ்வொரு துகளும் சுமந்துவரும் ஆற்றலில் இருக்கிறது. வைஃபையின் ஒரு துகளைவிடச் சாதாரண வெளிச்சத்தின் ஒரு துகளுக்குச் சுமார் இரண்டு லட்சம் மடங்கு ஆற்றல் அதிகம். எக்ஸ்ரேக்கு வெளிச்சத்தைவிடவும் பல்லாயிரம் மடங்கு. மரத்தில் இருக்கும் காயின் மீது ஆயிரம் பேர் பூவை எறிந்தாலும் காய் விழாது. ஒரு கல் போதும். எக்ஸ்ரே அந்தக் கல். அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி, டி.என்.ஏ.வை அறுக்க அதனால் முடியும். அறுந்ததில் பெரும்பகுதியை செல்லே ஒட்டிக்கொள்ளும். எப்போதோ ஒன்று தப்பாக ஒட்டிவிடுவதுதான் சிக்கல்.

ஆக, எக்ஸ்ரேக்குப் பயப்படுவது மூடநம்பிக்கை இல்லை. 1895-ல் ரான்ட்ஜன் அதைக் கண்டுபிடித்த புதிதில் யாருக்கும் ஆபத்து தெரியவில்லை. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கையையே திரும்பத் திரும்ப அந்தக் கதிரில் நீட்டிச் சோதித்தார். கைகளை வெட்டி எடுத்தும் காப்பாற்ற முடியாமல் 1904-ல் இறந்தார். ‘ஸ்கேன் எடுப்பவர் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் போய்விடுகிறாரே, எங்களை ஏன் உள்ளே விடுகிறீர்கள்?’ என்று நோயாளிகள் என்னிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. நீங்கள் வருவது என்றோ ஒரு நாள். அவர் அந்த அறையில் தினமும் பத்து, இருபது, முப்பது பேருக்கு எடுக்கிறார், அதுவும் வருடக்கணக்கில்.

பேரக்குழந்தை விஷயம்: தாராளமாகத் தூக்கலாம். விளக்கை அணைத்தால் அறையில் வெளிச்சம் தங்குமா? அப்படித்தான் இதுவும். கருவி நின்ற நொடியில் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. பெட் ஸ்கேன், எலும்பு ஸ்கேன் மட்டும் வேறு வகை. அவற்றில் கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள், அதனால் சில மணி நேரம் குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்வார்கள். அந்தப் பேச்சுதான் உங்கள் வீட்டுக்கு இப்படித் திரிந்து வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

வைஃபை, நான் முன்பு சொன்ன உவமையில் கல் அல்ல, பூ. அந்த அலைக்கு டி.என்.ஏ.வை அறுக்கும் பலம் கிடையாது. அதிகபட்சம் சூடாக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலையைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அது ஆயிரம் வாட் வரை உலோகப் பெட்டிக்குள் அடைத்துவைத்துச் சூடாக்குகிறது, ரூட்டர் விடுவது பத்தில் ஒரு வாட் அளவு. அடுப்புக் கதவின் கண்ணாடியை அருகில் போய்ப் பாருங்கள், பொடிப்பொடியாக ஓட்டை போட்ட உலோகத் தகடு தெரியும். அலையின் நீளம் 12 சென்டிமீட்டர். மில்லிமீட்டர் ஓட்டை வழியே அதனால் வெளியே வர முடியாது. கதவு சரியாக மூடாவிட்டால் மட்டும் அந்த அடுப்பைப் பயன்படுத்தாதீர்கள். அப்புறம், சி.டி.யோடு வைஃபையைக் கூட்டிக் கணக்குப் போட வேண்டாம். இரண்டும் உடம்பில் செய்யும் வேலையே வேறு.

போன மாதம் ஒரு தாய், மஞ்சள் காமாலையோடு பிறந்த தன் குழந்தையை நீல விளக்குக்கு அடியில் வைத்ததைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். கண்ணைப் பஞ்சுத் துணியால் மூடி, வெற்று உடம்போடு குழந்தை படுத்திருந்தது. ‘கதிர்வீச்சு கொடுக்கிறார்களாம் டாக்டர்’ என்றார். ஆமாம், அதுவும் கதிர்வீச்சுதான். அந்த நீல வெளிச்சம், மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளைத் தோலிலேயே வேறு வடிவத்துக்கு மாற்றி வெளியேற்ற வைக்கிறது. மூன்றாம் நாள் குழந்தை நிறம் மாறி வீட்டுக்குப் போனது. அந்தச் சொல் ஒரு தாயை எவ்வளவு கலங்க வைத்துவிட்டது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இவ்வளவு பயப்படும் நாம் வெயிலை மட்டும் கண்டுகொள்வதே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, கைபேசி அலைகளை 2011-ல் ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற சந்தேகப் பட்டியலில்தான் வைத்தது. வெயிலோ எக்ஸ்ரேயையும் புகையிலையையும் போல உறுதியான பட்டியலில் இருக்கிறது. காரணம் அதிலுள்ள புற ஊதாக் கதிர். கண்புரைக்கும் அதில் பங்குண்டு. உங்கள் அப்பா உச்சி வெயிலில் நடமாடுபவர் என்றால் தொப்பியும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரே படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்க உதவும், தேவையில்லாமல் மறுபடி எடுப்பதும் மிச்சமாகும். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏற்றுவதாக இருந்தால் கதிரைவிட இதுதான் முக்கியம்: சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு கையில் இருக்கட்டும், முன்பு எந்த மருந்துக்காவது அலர்ஜி வந்திருந்தால் சொல்லுங்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். படம் எடுக்கும் அந்தச் சில நொடிகள் மூச்சை அடக்கி அசையாமல் இருக்கச் சொல்வார்கள். இருமல் இருப்பவர் ஆயிற்றே, வீட்டிலேயே இரண்டு மூன்று முறை பழகிக்கொள்ளட்டும். இந்த வாரமே போய் எடுத்துவிட்டு, அறிக்கை வந்ததும் எழுதுங்கள்.