சன் ராவுக்குப் பிறகும் அவரது குழு

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

அமெரிக்க ஜாஸ் இசைக்குழுவான சன் ரா ஆர்கெஸ்ட்ராவின் 'ஸ்விர்லிங்' தொகுப்பை அண்மையில் கேட்டேன். 1993இல் மறைந்தவரின் பெயரைத் தாங்கி 2020இல் வெளிவந்த இசை. குழுவை உருவாக்கியவரே இல்லாதபோது அவரது மெட்டுகளைத் தொடர்ந்து வாசிப்பது வெறும் நினைவஞ்சலி ஆகிவிடாதா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி ஆகிவிடும் என்று அஞ்ச அன்று காரணம் இருந்தது. 1950களில் சிகாகோவில் இந்தக் குழுவைத் திரட்டிய சன் ராதான், மேடையில் கீபோர்டின் முன் அமர்ந்தபடி, அடுத்து எதை வாசிப்பது என்பதையும் அந்த நொடியில் தீர்மானித்தவர். அவருக்குப் பின் பொறுப்பேற்ற டெனர் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கில்மோரும் 1995இல் காலமானார்.

குழு அப்போதும் கலையாததற்குக் காரணம், என் பார்வையில், அது பழகியிருந்த வாழ்முறை. 1968இல் பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுன் பகுதியில், ஆல்டோ சாக்ஸபோன் வாசிக்கும் மார்ஷல் ஆலனின் தந்தைக்குச் சொந்தமான வீட்டில் அவர்கள் குடியேறினார்கள். கலைஞர்கள் பலர் ஒரே கூரையின் கீழ் தங்கி, மணிக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். (அந்த வீட்டை நகர நிர்வாகம் 2022இல் வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது, மிகவும் பொருத்தமான மரியாதை.) இன்ன வாத்தியத்துக்கு என்று எண்ணாமல், இன்னாருடைய மூச்சுக்கும் விரலுக்கும் என்று எண்ணி சன் ரா இசைக்குறிப்பு எழுதினார்.

1958இல் சேர்ந்த ஆலன் அந்த முறையிலேயே ஊறியவர். கில்மோருக்குப் பிறகு தலைமையேற்ற அவர், பழைய மெட்டுகளை இன்று குழுவில் இருப்பவர்களுக்கு ஏற்ப மாற்றி அமைக்கிறார், புதியனவும் எழுதுகிறார். நீங்கள் கேட்ட தொகுப்பின் தலைப்பு இசையே அவர் இயற்றியதுதான். அவர் வாசிப்பதைக் காணொளியில் பாருங்கள்: கிடாரின் தந்திகளை வருடுவதுபோல வலக்கையைச் சாக்ஸபோனின் விசைகள்மீது வீசி இழுக்க, கருவி கீச்சிட்டு அலறுகிறது. நினைவஞ்சலிக் கூட்டத்தில் யாரும் அப்படி வாசிக்க மாட்டார்கள்.

இழப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். சன் ராவின் கீபோர்டு திடீரென்று குறுக்கே பாய்ந்து பாடலையே வேறு திசைக்குக் கொண்டுபோகும் அந்த ஆபத்து இப்போதைய பதிவுகளில் குறைவு. ஒலி சற்று மெருகேறியிருக்கிறது. அந்த இடத்தை யாரும் நிரப்ப முயலாததை நான் மதிக்கிறேன்.

2024 மே மாதம் ஆலனுக்கு நூறு வயது நிறைந்தது. தொலைதூரக் கச்சேரிகளில் இப்போது சாக்ஸபோன் கலைஞர் நோயல் ஸ்காட் குழுவை நடத்துகிறார். ஆகவே உங்கள் கேள்வி விரைவில் மீண்டும் எழும், இன்னும் கடுமையாக. அதற்குமுன் 'லைட்ஸ் ஆன் எ சாட்டிலைட்' என்ற மெட்டை 1960களின் பதிவிலும் 'ஸ்விர்லிங்' தொகுப்பிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். புதியதில் பாடும் டாரா மிடில்டன், சன் ராவின் காலத்தில் குழுவில் இல்லாதவர். கேட்டபின் மறுபடியும் எழுதுங்கள்.

அன்புடன்.