பனிவண்டி நாய்களை வரையும் ஓவியர் வீட்டுக்குப் போகிறீர்களா? ஆசிரியர்களுக்கான கேள்வி பதில்

அலாஸ்காவில் 1973 முதல் நடந்துவரும் இடிட்டரோட் நாய்வண்டிப் பந்தயத்தைப் பாடமாக எடுக்கும் ஆசிரியர்கள், அங்குள்ள ஓவியர்களின் வீடுகளுக்கும் போவதுண்டு. அவர்களில் பலர் கேட்டவற்றுக்கான பதில்கள் கீழே.

கேள்வி: ஓவியரே நாய் ஓட்டியவராக இருக்க வேண்டுமா? படம் நன்றாக இருந்தால் போதாதா?

பதில்: கட்டாயமில்லை. ஆனால் ஓட்டியவர் என்றால் நீங்கள் கேட்கக்கூடிய கேள்விகளே வேறு. பந்தயத்தின் அதிகாரப்பூர்வ ஓவியராக 1979-இல் அறிவிக்கப்பட்ட ஜான் வான் ஸைல், 1976-இலும் 1979-இலும் தானே வண்டி ஓட்டியவர். கயிறு எங்கே இறுகும், எங்கே தொய்யும் என்பதெல்லாம் அப்படிப்பட்டவர்களுக்குக் கை தானாகச் சொல்லும்.

கேள்வி: எந்த மாதம் போகலாம் ஐயா? மார்ச்சில் எங்களுக்கு விடுமுறை.

பதில்: மார்ச் வேண்டாம். முதல் சனிக்கிழமையே பந்தயம் தொடங்கிவிடும். வீட்டில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. செப்டம்பர், அக்டோபர் நல்லது. பனி இல்லாததால் நான்கு சக்கர மோட்டார் வண்டியில் நாய்களைப் பூட்டிப் பயிற்சி கொடுப்பார்கள். ஓட்டுநர் அருகிலேயே நீங்களும் நின்று பூட்டும் முறையைப் பார்க்கலாம். கோடையில் ரோமம் உதிர்ந்து நாயின் உருவமே மாறியிருக்கும், வெயிலில் படுத்தே கிடக்கும்.

கேள்வி: மாணவர்கள் வரைந்தால் நாய் கழுத்தால் வண்டியை இழுப்பது போலவே வருகிறது. எங்கே தவறு?

பதில்: பத்துப் படத்தில் எட்டில் இந்தத் தவறுதான். நாய் கழுத்தால் இழுப்பதே இல்லை. சேணம் மார்பைச் சுற்றி வந்து, முதுகில் பெருக்கல் குறி போலக் குறுக்கிட்டு, வாலடியில் ஒரு வளையத்தில் முடிகிறது. அந்த வளையத்திலிருந்து போகும் இழுகயிறு, ஜோடியாக ஓடும் இரண்டு நாய்களுக்கும் நடுவே போகும் முதன்மைக் கயிற்றோடு சேர்கிறது. இதுதான் விறைப்பாக இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையிலிருந்து முதன்மைக் கயிற்றுக்குப் போகும் சிறு கயிறு, நாய் வரிசையை விட்டு விலகாமல் இருக்க மட்டும்; அது தொய்ந்தே இருக்கும். வரிசையின் முன்னால் ஓடும் முன்னோடி நாய்கள் இரண்டுக்கும் அதுவும் கிடையாது. அவற்றின் கழுத்துப்பட்டைகளை ஒன்றோடொன்று ஒரு சிறு கயிறு இணைக்கும்.

இன்னொன்று, நீளம். ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். ஆறு ஜோடி என்றால் 15 மீட்டருக்குக் கிட்டே வந்துவிடும். வண்டியில் நின்று பார்ப்பதுபோல் வரைந்தால் முன்னோடி நாய் மிகச் சிறியதாகத் தெரிய வேண்டும். குழந்தைகள் எல்லா நாயையும் ஒரே அளவில் வரைந்து, வண்டியை ஒட்டி நெருக்கிவிடுகிறார்கள். கடிவாளமும் வரைந்துவிடுவார்கள், அப்படி ஒன்று கிடையவே கிடையாது. குரல்தான்: வலப்பக்கத்துக்கு ‘ஜீ’, இடப்பக்கத்துக்கு ‘ஹா’.

கேள்வி: நீலக் கண், அடர்ந்த ரோமம் என்று வரைந்தால் சரிதானே?

பதில்: அது சைபீரியன் ஹஸ்கி. பந்தயத்தில் பெரும்பாலும் ஓடுவது அலாஸ்கன் ஹஸ்கி என்ற கலப்பு நாய். 20 முதல் 25 கிலோ, நீண்ட கால், ஒடுங்கிய இடுப்பு, பெரும்பாலும் பழுப்புக் கண். தெருநாய் என்றே பலர் நினைப்பார்கள். ஓடும்போது வால் முதுகில் சுருண்டிருக்காது, தாழ்ந்து தொங்கும். சீரான ஓட்டத்தில் முன் வலது காலும் பின் இடது காலும் சேர்ந்து எழும். அடுத்து மற்ற இரண்டும். இதைச் சரியாகப் போட்டால் பாதிப் படம் முடிந்தது.

கேள்வி: வீட்டில் எதை முதலில் பார்ப்பது? ஸ்டுடியோவா?

பதில்: நாய் முற்றம். ஸ்டுடியோவை எப்போதும் பார்க்கலாம், தீனி நேரத்தைத் தவறவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். சேணத்தை எடுத்து வருவதைக் கண்டால் மொத்த முற்றமும் ஊளையிட்டுக் குதிக்கும். வண்டி நகர்ந்ததும் சட்டென்று அமைதி. இந்த மாற்றத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். சங்கிலி எட்டும் வட்டத்துக்குள் கேட்காமல் நுழையாதீர்கள், கையில் தின்பண்டம் வேண்டாம், குழந்தைகள் ஓடக்கூடாது.

கேள்வி: குளிர்காலத்தில்தான் போக முடியும் என்றால் வெளியில் வரைவது எப்படி?

பதில்: நீர்வண்ணம் தாளிலேயே உறைந்துவிடும், பால்பாயிண்ட் பேனா திணறும். 2பி அல்லது 4பி பென்சில் போதும். மெல்லிய உள்கையுறை, மேலே தடித்தது. வரையும்போது மட்டும் மேலதைக் கழற்றுங்கள். செல்போனைச் சட்டைக்குள் வையுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும். உள்ளே போகுமுன் காற்றுப்புகாத பையில் போட்டு மூடி, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் ஈரம் படியாது.

கேள்வி: பனியை வெள்ளையாகவே விட்டால் தட்டையாக இருக்கிறதே?

பதில்: நிழலுக்கு அல்ட்ராமரீன் நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. சூரியன் தாழ்ந்திருப்பதால் நிழல் நீளமாக விழும். தாளின் வெறும் வெள்ளையை மிகப் பளிச்சிடும் ஓரிரு இடங்களுக்கு மட்டும் விடுங்கள். மேகமூட்டம் என்றால் நிழலே போடாதீர்கள், அடிவானக் கோட்டையும் அழித்துவிடுங்கள்.

கேள்வி: அங்கே வாங்கிய படத்தை ஸ்கேன் செய்து பயிற்சித்தாளில் போடலாமா?

பதில்: எழுத்தில் அனுமதி கேளுங்கள். கையெழுத்தும் ‘125/500’ (500 பிரதிகளில் 125-ஆவது) போன்ற எண்ணும் இட்ட பிரதியை விலை கொடுத்து வாங்கினாலும் பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வாங்கும்போதே கேட்டால் பெரும்பாலும் தயங்க மாட்டார்கள். அசல் அக்ரிலிக் ஓவியம் என்றால் கடுங்குளிரில் சுருட்டாதீர்கள்; விறைத்து வெடிக்கும்.

கேள்வி: நாய்க்குக் காலுறை கட்டாயம் வரைய வேண்டுமா?

பதில்: பந்தயக் காட்சி என்றால் ஆமாம். துணிப்பை போன்றது, அடித்தட்டு கிடையாது, பாதத்துக்குச் சற்று மேலே வெல்க்ரோ பட்டை. ஓய்வில் படுத்திருக்கும் நாய்க்குப் போடாதீர்கள், நிறுத்தத்தில் கழற்றிவிடுவார்கள்.