65 வருட ஞாபகம்

கேள்வி: "தட்டம்மை ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் வராது" என்கிறார் மாமியார். நிஜமா டாக்டர்?
– வாசகி, தேனி

பதில்: இதில் நான் மாமியார் கட்சிதான் அம்மா. ஆதாரம் வட அட்லாண்டிக்கில் இருக்கிறது. ஃபாரோ தீவுகளில் 1781-இல் தட்டம்மை பரவியது. அப்புறம் 65 வருடம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. 1846-இல் கப்பலேறி வந்தது. சுமார் 7,800 பேரில் ஏறக்குறைய 6,000 பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பீட்டர் பானும் என்ற இளம் டாக்டர் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781-இல் அம்மை கண்டு பிழைத்த பெரியவர்களில், அவர் விசாரித்தவரை, ஒருவருக்குக்கூட மறுபடி வரவில்லை!

இடையில் கிருமியே ஊரில் இல்லை. ஆனாலும் வெள்ளையணுக்களில் ஒரு பிரிவு அதன் அடையாளத்தை மறக்காமல் வைத்திருந்தது. (சளிக்காய்ச்சல் கிருமி வேஷம் மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அது திரும்பத் திரும்ப வருகிறது.)

அதற்காக, பேரப்பிள்ளைக்கும் "வந்துவிட்டுப் போகட்டும்" என்று மாமியார் சொன்னால் கேட்காதீர்கள். தட்டம்மை பொல்லாதது. மற்ற நோய்களைப் பற்றி உடம்பு சேர்த்துவைத்த நினைவில் ஒரு பகுதியையும் அழித்துவிடும். தடுப்பூசி அப்படிச் செய்யாது. 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.