ஹூவா, ஹூமா, விச்சா, வேரா? வாசகர் கேள்விகளுக்கு ஆங்கில டீச்சரின் பதில்கள்

கேள்வி: டீச்சர், ஒன்பதாவது படிக்கும் என் மகள் ‘திஸ் இஸ் தி வில்லேஜ் வேர் ஐ விசிட்டட்’ என்று எழுதியிருந்தாள். பள்ளியில் ‘வேர்’ என்பதை அடித்துவிட்டார்கள். “ஊர் என்றால் இடம்தானே, இடத்துக்கு வேர் போடச் சொல்லித்தானே கொடுத்தார்கள்?” என்று கேட்கிறாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.
(வாசகி, சங்கரன்கோவில்)

பதில்: அடித்தது சரிதான். ஆனால் உங்கள் மகள் மேல் தப்பே இல்லை. ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இடத்துக்கு வேர் என்று ஓர் அட்டவணையைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். எனக்கு இந்த அட்டவணை மேல் பல வருடக் கோபம். அது முன்னால் இருக்கும் பெயர்ச்சொல்லை மட்டும் பார்க்கச் சொல்கிறது. பார்க்க வேண்டியது பின்னால் வரும் வாக்கியத்தை.

வாக்கியத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ‘திஸ் இஸ் தி வில்லேஜ்’ ஒன்று. ‘ஐ விசிட்டட் தி வில்லேஜ்’ இன்னொன்று. இரண்டாவதில் வில்லேஜுக்கு முன்னால் ‘இன்’, ‘அட்’ எதுவும் இல்லை. வினை நேராக ஊரைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் விச் அல்லது தட். இதுவே ‘ஐ வாஸ் பார்ன் இன் தி வில்லேஜ்’ என்றால் ‘இன்’ இருக்கிறது. அதையும் சேர்த்து விழுங்கத்தான் வேர் வேண்டும்: ‘தி வில்லேஜ் வேர் ஐ வாஸ் பார்ன்’. ‘இன் விச்’ என்றும் எழுதலாம். வெறும் விச் மட்டும் போட்டால் ‘இன்’ தொலைந்துபோகும்.

தமிழ்ப் பிள்ளைகள் இந்த இடத்தில் இடறுவதற்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. ‘நான் பார்த்த ஊர்’, ‘நான் பிறந்த ஊர்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே அமைப்புதான். ஊரைப் பார்த்தேன், ஊரில் பிறந்தேன் என்று உள்ளே இருந்த ‘ஐ’யும் ‘இல்’லும் பெயரெச்சம் ஆனதும் மறைந்துவிடுகின்றன. பெயரெச்சம் ஆறு வகைப் பொருளையும் தழுவி நிற்கும் என்று பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்தே வைத்திருக்கிறார். உண்ட சாத்தன், உண்ட கலம், உண்ட இல்லம், உண்ட நாள், உண்ட சோறு எல்லாவற்றுக்கும் ‘உண்ட’ ஒன்றே போதும். சாத்தன் உண்டான், இல்லத்தில் உண்டான், சோற்றை உண்டான் என்று கேட்பவர் தாமாகப் பிரித்துக்கொள்வார். ஆங்கிலம் அப்படி விடாது. எழுதுகிறவர்தான் சொல்லியாக வேண்டும்.

அதனால் என் வகுப்பில் முதலில் தமிழில் சொல்லச் சொல்வேன், மறைந்த உருபைத் தேடி எடுக்கச் சொல்வேன். ‘நான் பணம் கொடுத்த ஆள்’ என்றால் ஆளுக்குக் கொடுத்தேன், எனவே ‘டு ஹூம்’. ‘அப்பா கையெழுத்துப் போட்ட பேனா’ என்றால் பேனாவால் போட்டார், எனவே ‘வித் விச்’. ‘கூரை ஒழுகும் வீடு’ என்றால் வீட்டினுடைய கூரை, எனவே ‘ஹூஸ்’. ஹூ, விச், தட் என்று கிளிப்பிள்ளை போல ஒப்பித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட இதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. உருபைத் தமிழில் தேடினாலும், ஆங்கில வினையிடம் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். நாம் ஊருக்குப் போகிறோம்; ‘விசிட்’ மட்டும் ஊரையே நேராகப் பிடிக்கும். உங்கள் மகளுக்கு வேர் வந்தது அந்தக் ‘கு’வால்தான் என்று நினைக்கிறேன். ‘டிஸ்கஸ்’ என்பதும் இதே ஜாதி. நாம் ஒன்றைப் பற்றிப் பேசுவோம், ஆங்கிலத்தில் அதற்கு ‘அபௌட்’ தேவையில்லை. ‘தி மேட்டர் விச் வி டிஸ்கஸ்ட்’ போதும்.

அப்புறம், ‘தி புக் விச் ஐ பாட் இட்’ என்று எழுதுகிறாளா என்றும் பாருங்கள். ‘இட்’ இருந்த இடத்துக்குத்தான் விச் வந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது.

கேள்வி: வங்கித் தேர்வுக்குப் படிக்கிறேன் டீச்சர். மாதிரித் தேர்வில் ‘தி மேன் —— ஐ பிலீவ் இஸ் ஆனஸ்ட் ஹாஸ் ரிசைன்ட்’ என்று ஒரு கேள்வி. கோடிட்ட இடத்துக்குப் பின்னால் ‘ஐ’ என்று எழுவாய் வந்தால் ஹூம் போடு என்று கோச்சிங்கில் சொன்னார்கள், ஹூம் போட்டேன். விடைத்தாளில் ஹூ. அச்சுப் பிழையா?
(வாசகர், தேனி)

பதில்: அச்சுப் பிழை இல்லை தம்பி. அந்தக் குறுக்குவழியை நம்புகிறவர்களைப் பிடிக்கவே இந்த மாதிரிக் கேள்வியை வைக்கிறார்கள். மறுபடியும் பிரித்துப் பாருங்கள். ‘ஐ பிலீவ் ஹி இஸ் ஆனஸ்ட்’ என்போமா, ‘ஐ பிலீவ் ஹிம் இஸ் ஆனஸ்ட்’ என்போமா? ஹி தானே. ‘இஸ்’ஸுக்கு ஓர் எழுவாய் வேண்டும், ‘ஐ’ அதற்கு எழுவாயாக முடியாது. ஹி இருந்தால் ஹூ, ஹிம் இருந்தால் ஹூம். ‘ம்’மில் முடிவது ‘ம்’மோடு சேரும் என்று நினைவில் வையுங்கள்.

இப்போது ஒரே ஒரு சொல்லை மாற்றுகிறேன்: ‘தி மேன் —— ஐ பிலீவ் டு பி ஆனஸ்ட்’. பிரித்தால் ‘ஐ பிலீவ் ஹிம் டு பி ஆனஸ்ட்’. இங்கே ஹூம்தான் விடை. ‘இஸ்’ இருந்த இடத்தில் ‘டு பி’ வந்ததும் விடையே மாறிவிட்டது பாருங்கள். திங்க், நோ, சே, சப்போஸ் நடுவில் வரும் இடங்களில் எல்லாம் அவசரப்படாதீர்கள். ‘ஐ திங்க்’, ‘தே சே’ போன்றதைக் கையால் மறைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். மீதி வாக்கியமாக ஓடினால் ஹூ.

மேலே நான் சொன்ன உருபுச் சோதனை இந்த இடத்தில் கை கொடுக்காது. ‘அவர் நல்லவர் என்று நம்புகிறேன்’, ‘அவரை நல்லவர் என்று நம்புகிறேன்’ இரண்டையுமே நாம் இயல்பாகச் சொல்கிறோம்.

பேச்சில் ஆங்கிலேயரே ஹூமைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள், ‘தி மேன் ஐ மெட்’ என்று எதுவுமே போடாமல் போய்விடுவார்கள். டு, வித், ஃபார் போன்ற சொல்லுக்கு நேர் பின்னால் மட்டும் எழுத்தில் ஹூம் அசையாமல் நிற்கிறது. தேர்வில் நீங்கள் முழு இலக்கணத்தையே எழுதுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டு பையருக்கு மெயில் அடிக்கும்போது விச் போட்டால் கம்ப்யூட்டர் அடியில் கோடு போடுகிறது, தட் போடச் சொல்கிறது. விச் தவறா?
(வாசகர், திருப்பூர்)

பதில்: தவறில்லை. எதைக் குறிக்கிறோம் என்று பிரித்துக்காட்டத் தட், கூடுதல் தகவலுக்கு விச் என்று வைத்துக்கொண்டால் தெளிவாக இருக்கும் என ஃபௌலர் என்ற ஆங்கில இலக்கணக்காரர் 1926இல் வந்த தம் அகராதியில் யோசனை சொன்னார். நல்ல எழுத்தாளர்கள் பலர் அப்படி எழுதுவதில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டும் இருக்கிறார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் அந்த யோசனையைச் சட்டம்போல ஆக்கிக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் அவர்கள் பேச்சைக் கேட்கிறது. பிரிட்டனில் இரண்டும் ஓடுகிறது. பையர் அமெரிக்கர் என்றால் தட் போட்டுவிடுங்கள், வம்பில்லை.

ஆனால் உங்கள் வேலையில் கவலைப்பட வேண்டியது கமாவைப் பற்றித்தான். ‘தி கார்ட்டன்ஸ் விச் ஆர் வெட் வில் பி ரிட்டர்ண்ட்’ என்று பையர் எழுதினால் நனைந்த பெட்டிகள் மட்டும் திரும்பி வரும். ‘தி கார்ட்டன்ஸ், விச் ஆர் வெட், வில் பி ரிட்டர்ண்ட்’ என்று இரண்டு கமா விழுந்துவிட்டால் பெட்டிகள் எல்லாமே நனைந்திருக்கின்றன, மொத்தச் சரக்கும் திரும்புகிறது என்று பொருள். சொற்களில் எந்த மாற்றமும் இல்லை. அப்படி ஒரு மெயில் வந்தால் எத்தனை பெட்டி என்று உடனே கேட்டு எழுதி வாங்குங்கள். நீங்கள் எழுதும்போதும் அனுப்புவதற்கு முன் வாய்விட்டுப் படியுங்கள். நடுத்துண்டை எடுத்துவிட்டாலும் எந்தப் பெட்டி என்று அவருக்குத் தெரியுமானால் கமா போடுங்கள், தெரியாதென்றால் போடாதீர்கள். கமாவுக்குப் பின்னால் தட் வராது, அங்கே விச்தான்.

கேள்வி: உயிரில்லாத பொருளுக்கு ஹூஸ் வராது, ‘ஆஃப் விச்’தான் என்கிறாள் என் தோழி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(கல்லூரி மாணவி, கும்பகோணம்)

பதில்: தாராளமாக வரும். 1667இல் மில்டன் வெளியிட்ட ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் இரண்டாவது அடியிலேயே விலக்கப்பட்ட மரத்துக்கு ஹூஸ் போட்டிருக்கிறார். ‘தி ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்’ என்று நீங்களும் எழுதலாம். ‘தி ரூஃப் ஆஃப் விச்’ இலக்கணப்படி சரி, ஆனால் சுற்றி வளைப்பானேன்? எழுத்துக்கூட்டலில் மட்டும் கவனம். மேலே குறி போட்டு எழுதும் ‘ஹூ’ஸ்’ என்பது ‘ஹூ இஸ்’ அல்லது ‘ஹூ ஹாஸ்’ என்பதன் சுருக்கம். உடைமையைச் சொல்லும் ஹூஸுக்கு அந்தக் குறி கிடையாது, கடைசியில் ‘இ’ எழுத்து உண்டு.