முற்றத்தை உடைக்காதீர்கள், முதலில் அளக்கட்டும்

கேள்வி: கார் நிறுத்தும் முற்றத்துக்கும் தோட்டப் பாதைக்கும் கல் பதித்ததுபோல் அச்சு வைத்த ஸ்டாம்ப்டு கான்கிரீட் போட்டோம். கொட்டேஷனில் ‘தடிமன் 5 அங்குலம்’ என்று இருக்கிறது. பார்டர், இரண்டாவது நிறம் என்று சேர்த்ததில் பட்ஜெட் கால் பங்கு எகிறியது. நிறமும் கேட்லாக்கில் பார்த்ததுபோல் இல்லை. நான்கே மாதத்தில் கார் ஏறும் இடத்தில் விரிசல். கேட் ஓரத்தில் அளந்தால் 3 அங்குலம்தான்! கேட்டதற்கு கான்ட்ராக்டர் ஃபோனில் மரியாதையில்லாமல் பேசினார். கடைசித் தவணை 30 சதவீதத்தை நிறுத்திவைத்தேன், நோட்டீஸ் அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் எல்லாவற்றையும் உடைத்து வேறு ஆளை வைத்துப் போடப் போகிறோம். அந்தச் செலவு முழுவதையும் அவரிடம் வாங்க முடியுமா?

பதில்: உடைக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே வரி: எழுதிக் கொடுத்தது 5 அங்குலம், டேப் காட்டுவது 3. ஃபோனில் எப்படிப் பேசினார் என்பதை நீதிமன்றம் எடைபோடாது. கூடுதல் செலவும் போனதுதான். நீங்கள் இணைத்த மெசேஜில் அவர் பார்டருக்குத் தொகை சொல்லிக் கேட்டிருக்கிறார், நீங்கள் ‘சரி, போட்டுடுங்க’ என்றிருக்கிறீர்கள். அது சம்மதம். நிறத்துக்காக வாதாட, வேலைக்கு முன் ஒரு சின்ன மாதிரித் தளம் போட்டு இரண்டு பேரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை, விடுங்கள்.

தடிமன் அப்படி இல்லை. தளம் வளைவைத் தாங்கும் வலு தடிமனின் வர்க்கத்தை ஒட்டிப் போகும்: 5-க்கு 25 என்றால் 3-க்கு வெறும் 9. கார் ஏறும் இடத்தில் இதை அழகுக் குறை என்று யாரும் ஒதுக்க முடியாது.

ஆனால் நீங்கள் அளந்தது ஓரத்தில். “ஓரம் மட்டும் அப்படி, உள்ளே 5 இருக்கிறது” என்பார். உடைத்து அள்ளிய பிறகு அதை எதைக் காட்டி மறுப்பீர்கள்? என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான், ஆத்திரத்தில் ஒரே நாளில் உடைத்து இடிபாட்டை லாரியில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தார். கையில் 40 போட்டோ. எல்லாம் விரிசலை நெருக்கமாக எடுத்தவை. பக்கத்தில் ஓர் அளவுகோல்கூட இல்லை, எந்த வீட்டுத் தளம் என்றே சொல்ல முடியவில்லை. கடைசியில் பாக்கித் தொகையை வட்டியோடு கட்டினார்.

அதனால் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் தேதி கொடுத்து, அவர் முன்னிலையில் மூன்று நான்கு இடத்தில் கோர், அதாவது தளத்தை மேலிருந்து கீழ்வரை துளைத்து எடுக்கும் உருளைத் துண்டு, எடுக்க வேண்டும். வரவில்லை என்றால் வராததையும் பதிவு செய்யுங்கள். கோர் எடுத்த ஓட்டையை அதே நிறத்தில் அடைக்கவே முடியாது. தோட்டப் பக்கத்தில் பூந்தொட்டி வைக்கும் இடமாகப் பாருங்கள். கார் பக்கத்தில் அந்தச் சலுகை இல்லை.

அடுத்த ஆபத்து உங்கள் ஃபோனிலேயே இருக்கலாம். கான்கிரீட் காயும்போது சுருங்கும். விரிசல் அதன்வழியே போகட்டும் என்று தளத்தில் வெட்டிவிடும் கோடுதான் ஜாயின்ட். அது இல்லாவிட்டால் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 12 அடிக்கு ஒரு ஜாயின்ட் என்பது பொதுவான கணக்கு. டிசைன் கெடுகிறது, வெட்டவேண்டாம் என்று வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொன்னீர்களா? ஊற்றி எத்தனை நாளில் காரை ஏற்றினீர்கள்? ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றால், விரிசலுக்குக் காரணம் நீங்கள்தான் என்பார். பழைய மெசேஜ்களை எல்லாம் படித்துவிட்டு வழக்கறிஞரிடம் போங்கள். எதையும் அழிக்கவேண்டாம்.

சரி, 3 அங்குலம் என்று நிரூபித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். முழுச் செலவும் கிடைக்குமா? இங்கிலாந்தில் 1995-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு நீச்சல் குள வழக்கு உண்டு. ஒப்பந்தத்தில் அதிகபட்ச ஆழம் 7 அடி 6 அங்குலம். கட்டியது 6 அடி 9 அங்குலம். திரும்பக் கட்ட 21,560 பவுண்டு ஆகும் என்று உரிமையாளர் கேட்டார். குளம் பயன்படுத்தத் தகுந்ததாகவே இருந்தது, வீட்டின் மதிப்பும் குறையவில்லை. அவருக்குக் கிடைத்தது 2,500 பவுண்டு. எல்லா நாட்டு நீதிமன்றத்தையும் அது கட்டுப்படுத்தாது. ஆனால் சின்ன நஷ்டத்துக்கு இவ்வளவு பெரிய செலவா என்ற அந்த யோசனை எந்த நீதிபதிக்கும் வரும். உங்கள் தோட்டப் பாதையில் ஆள்தானே நடக்கிறார்கள், விரிசலும் இல்லை. அதை உடைத்துப் போட்ட செலவை யார் தலையிலும் கட்ட முடியாது.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். கார் ஏறும் பகுதியை மட்டும் அவர் செலவில் 5 அங்குலத்துக்குத் திரும்பப் போடட்டும், அல்லது அதற்கான தொகையை உங்கள் கையிலுள்ள 30 சதவீதத்தில் கழித்துக்கொள்ளுங்கள். பாதைக்குக் கொஞ்சம் தள்ளுபடி. புதுப் பகுதியின் நிறம் பழையதோடு சேராது என்பதையும் அந்தப் பேப்பரிலேயே எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சண்டை அங்கே தொடங்கும். நோட்டீஸுக்குப் போகும் பதிலில் பணத்தை நிறுத்தியதற்குத் தடிமன் ஒன்றே காரணமாக இருக்கட்டும். நிறத்தையும் அவர் பேச்சையும் சேர்த்தால், காரணம் தேடிப் பணத்தைப் பிடித்துவைத்தவர் என்ற பெயர் உங்களுக்குத்தான் வரும்.

திரும்பப் போடுவதாக முடிவானால், ஊற்றும் அன்று லீவு போடுங்கள். அடித்தளம் கெட்டித்த பிறகு, கான்கிரீட்டைத் தடுக்க ஓரத்தில் அடித்த பலகையின் மேல் விளிம்புக்கு நூல் கட்டி, நடுவில் டேப்பை நிறுத்தி, 5 தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துவிட்டு அப்புறம் கான்கிரீட்டை விடச் சொல்லுங்கள்.