ஐந்து பேரில் தொடங்கியது

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். போன மாதம் ஆசிரியர் பயிற்சியில் ஹைமே எஸ்கலான்டே என்ற அமெரிக்கக் கணித ஆசிரியரைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஏழைப் பிள்ளைகள், சாதாரணக் கணக்குக்கே தடுமாறுகிறவர்கள், அவர் கையில் நுண்கணிதம் வரைக்கும் போய்விடுகிறார்கள். படம் முடிந்ததும் பயிற்சி தந்தவர், "ஆசிரியர் மனசு வைத்தால் ஆகாதது எதுவும் இல்லை" என்றார். எல்லோரும் கைதட்டினோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் ஒன்பதாம் வகுப்பில் 41 பேர். அதில் 14 பேருக்கு வகுத்தல் வராது. பின்னம் என்றாலே பாதிப் பேர் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். நானும் ஜூனிலிருந்து மனசு வைத்துத்தான் பார்க்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் உட்காருகிறேன். அதற்கு ஒழுங்காக வருவது இரண்டே பிள்ளைகள். அப்படியென்றால் குறை என்னிடம்தானா? அந்த மனிதரிடம் இருந்த ஏதோ ஒன்று என்னிடம் இல்லையா?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு கணித ஆசிரியை

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களிடம் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் படம் உங்களுக்கு ஒரு விஷயத்தைத் தவறாகச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

1988ல் அந்தப் படம் வந்தபோது எஸ்கலான்டேயே சொன்னது, அதில் 90 சதவீதம் உண்மை, 10 சதவீதம் நாடகம் என்று. உங்களை அழவைத்தது அந்தப் பத்து சதவீதம். வாய்ப்பாடும் பின்னமும் தெரியாத எந்தப் பிள்ளையையும் அவர் ஒரே வருடத்தில் நுண்கணிதத்துக்குக் கொண்டுபோனதில்லை. இரண்டு மணி நேரப் படத்தில் வருடங்களைச் சுருக்கித்தான் ஆகவேண்டும். அந்தச் சுருக்கத்தைப் பயிற்சி வகுப்பில் ஆசிரியர்களுக்கு அளவுகோலாக நீட்டுவது பெரிய அநியாயம்.

நடந்தது என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஸ்கலான்டே பொலிவியாக்காரர். 1930ல் லா பாஸில் பிறந்தார், அப்பா அம்மா இருவருமே ஆசிரியர்கள். சொந்த ஊரில் இயற்பியலும் கணிதமும் பல வருடம் நடத்திவிட்டு, 1963 கடைசியில் அமெரிக்கா போனார். ஆங்கிலம் தெரியாது, அவர் படித்த படிப்பு அங்கே செல்லாது. பாசடீனாவில் ஒரு காபிக் கடையில் தரை துடைத்தார், அப்புறம் சமையல். ராத்திரிகளில் படித்து, ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, மறுபடியும் பட்டம் வாங்கினார். 1974ல் சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளிக்கு ஆசிரியராகப் போனபோது அவருக்கு வயது 43. பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்து வந்த கூலிக் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அங்கீகாரமே பறிபோகும் நிலையில் இருந்தது.

அங்கே போன முதல் வருடமே அவர் வேலையை விடப் பார்த்தார். பழைய நிறுவனத்துக்குப் போன் செய்து திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டிருக்கிறார். இயற்கணிதம் படிக்கத் தயாராக 12 பிள்ளைகள் கிடைத்ததால்தான் மனம் மாறினார். நுண்கணிதம் இல்லை டீச்சர், இயற்கணிதம். உங்கள் பாடத்திட்டத்தில் இப்போது இருக்கிற அதே இயற்கணிதம்.

நுண்கணித வகுப்பை அவர் தொடங்கியது 1978ல், அதாவது சேர்ந்து நான்கு வருடம் கழித்து. கல்லூரிப் பாடத்தைப் பள்ளியிலேயே படித்து எழுதும் ஏ.பி. தேர்வு அங்கே உண்டு. 5 மதிப்பெண்ணுக்கு 3 வாங்கினால் தேர்ச்சி. அந்தத் தேர்வுவரை நின்றது 5 பேர். அடுத்த வருடம் 9 பேர் எழுதினார்கள். 1981ல் 15 பேர் எழுதி 14 பேர் தேறினார்கள். படத்தில் நீங்கள் பார்த்தது அதற்கும் அடுத்த வருடம், 1982. எழுதிய 18 பேரும் தேர்ச்சி. விடைத்தாள்களில் ஒரே மாதிரித் தவறுகள் இருக்கின்றன என்று தேர்வு நடத்தும் நிறுவனம் 14 பேர்மேல் சந்தேகப்பட்டது. கோடை விடுமுறை முடிகிற நேரத்தில், சில நாள் தயாரிப்பில், 12 பேர் மறுபடியும் எழுதினார்கள். 12 பேரும் தேறினார்கள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். ஆனால் 1974லிருந்து எண்ணினால் அது எட்டாவது வருடம். நீங்கள் ஜூனிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் படம் உங்களுக்குச் சொல்லியிருக்காது. அவர் தனியாள் இல்லை. ஆரம்பத்தில், சீக்கிரம் வருகிறார், நேரம் கழித்துப் போகிறார் என்பதற்கே நிர்வாகத்தில் ஒருவர் அவரை மிரட்டியிருக்கிறார். 1981ல் ஹென்றி கிரடியாஸ் தலைமை ஆசிரியராக வந்த பிறகுதான் காற்று திசை மாறியது. எளிய கணக்கு வகுப்புகளைக் குறைத்து, பிள்ளைகளை இயற்கணிதத்துக்கு அனுப்பினார் கிரடியாஸ். பக்கத்து வகுப்பில் பென் ஹிமெனெஸ் என்ற சக ஆசிரியர், எஸ்கலான்டேக்குச் சமமாக உழைத்தவர், நுண்கணிதம் நடத்தினார். கார்ஃபீல்டுக்குப் பிள்ளைகளை அனுப்பும் நடுநிலைப் பள்ளிகளிடம் பேசி எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே இயற்கணிதம் தொடங்க வைத்தார்கள். கோடையில் பக்கத்துக் கல்லூரியில் வாரக்கணக்கில் வகுப்பு நடந்தது. விட்டுப்போன பாடத்தை அங்கே பிடித்துக்கொண்டு, அடுத்த படிக்குத் தயாராகி வந்தார்கள் பிள்ளைகள். எனக்கு அந்த மொத்தக் கதையிலும் முக்கியமானது இந்தக் கோடை வகுப்புதான். இதைப் படமாக எடுத்தால் யாரும் கைதட்ட மாட்டார்கள். வேலை நடந்தது அங்கேதான்.

1987ல் நுண்கணிதத்தின் முதல் நிலையில் 73 பேரும் அடுத்த நிலையில் 12 பேரும் தேறினார்கள். அதுதான் உச்சம். அந்த வருடம் கிரடியாஸ் மேல்படிப்புக்குப் போனார், பிறகு அந்த நாற்காலிக்குத் திரும்பவில்லை. எஸ்கலான்டேயின் வகுப்பில் 50 பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள், ஆசிரியர் சங்கத்தின் ஒப்பந்தப்படி உச்சவரம்பு 35. சக ஆசிரியர்களோடு உரசல் கூடியது. கணிதத் துறைத் தலைவர் பொறுப்பும் கையைவிட்டுப் போனது. 1991ல் அவரும் ஹிமெனெஸும் பள்ளியை விட்டார்கள். அடுத்த சில வருடங்களில் தேர்ச்சி எண்ணிக்கை சரிந்துபோனது. பிள்ளைகள் அதே பிள்ளைகள், தெரு அதே தெரு. படிக்கட்டைக் கழற்றிவிட்டார்கள்.

அவருடைய மனசைக் குறைத்துப் பேசுவதாக நினைக்காதீர்கள். கானாஸ் என்ற ஸ்பானிஷ் சொல்லை அவர் வகுப்பில் ஓயாமல் சொல்வார், ஆசை, வேட்கை என்று பொருள். உங்களுக்குள்ளே அது இருந்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல. கூடைப்பந்து விளையாட்டின் பேச்சில் கணக்கைச் சொல்லித்தருவார், பெற்றோர் வீட்டுக்கே போய்ப் பேசுவார். வீட்டுப்பாடத்திலிருந்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால்தான் வகுப்புக்குள் விடுவார். பிள்ளைகளைக் கடுமையாகச் சீண்டவும் செய்வார். அந்தச் சீண்டல் எனக்கு ஒப்புதல் இல்லை, நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். 2010ல் அவர் இறந்தபோது பழைய மாணவர்கள் அவ்வளவு பேர் தவித்தது அந்த உழைப்புக்காக.

சரி, உங்கள் 14 பேருக்கு வருவோம். கணக்கில் பழைய ஓட்டை தானாக அடைபடாது, ஒவ்வொரு வகுப்பிலும் வேறு உருவத்தில் வந்து நிற்கும். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே இருப்பதைத் தனியாகவும் கீழே இருப்பதைத் தனியாகவும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதுகிற பிள்ளை, பத்தாம் வகுப்பில் 1/x + 1/(x+1) வந்தால் 2/(2x+1) என்றுதான் எழுதும். நீங்கள் அதற்குப் புதிய பாடத்தில் சிவப்பு மையால் சுழிப்பீர்கள். தப்பு நடந்தது ஆறாம் வகுப்பில். அதனால் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை எத்தனை முறை திருப்பி நடத்தினாலும் அந்தப் பிள்ளைக்கு ஏறாது. அந்தக் காலை முக்கால் மணி நேரத்தில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை எடுக்காதீர்கள். வகுத்தலும் பின்னமும் மட்டும் எடுங்கள். வெட்கப்படுகிற பிள்ளைகளுக்கு, இது ஆறாம் வகுப்புப் பாடம் என்று சொல்லாதீர்கள். நானே பின்னத்தை ஒழுங்காகப் புரிந்துகொண்டது பத்தாம் வகுப்பில், ஓர் ஆசிரியர் காரணமே சொல்லாமல் முதலிலிருந்து ஆரம்பித்ததால்.

அப்புறம், ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவர் உங்கள் பள்ளியிலேயே இருந்தால் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம். என் வகுப்பில் இந்த இடத்தில் பிள்ளைகள் விழுகிறார்கள் என்று நோட்டைக் காட்டினால் போதும். தலைமை ஆசிரியர் காது கொடுத்தால் மே மாதத்தில் பத்து நாள் வகுப்புக்கு அனுமதி கேளுங்கள். கிடைக்காமல் போகலாம். கேட்டதை யாராவது நினைவு வைத்திருப்பார்கள்.

இரண்டே பேர் வருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கார்ஃபீல்டில் 5 பேர். அந்த இரண்டு பேரும் இப்போது எந்தக் கணக்கில் நிற்கிறார்கள், மூன்றாவதாக யார் வரக்கூடும் என்று நினைக்கிறீர்கள், அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்.