கேள்வி - பதில்: மலையேறினால் தூரம் போகும் ஷட்டில்

கேள்வி: போடியில் ஒழுங்காகப் போகிற அதே டியூபில் உள்ள இறகு ஷட்டிலை மூணாறுக்குக் கொண்டுபோய் உள்ளரங்கில் ஆடினால், போடுகிற டாஸ் (பின்கோட்டுக்கு உயரத் தூக்கி அடிப்பது) எல்லாம் பின்கோட்டைத் தாண்டி விழுகிறது. கோளாறு கையிலா, ஷட்டிலிலா? (போடிநாயக்கனூர் வாசகர்)

பதில்: கையில் இல்லை. மூணாறு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் இறகுகளைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பு குறைந்துவிடுகிறது. குளிர்க்காற்று கொஞ்சம் அடர்த்திதான். ஆனாலும் உயரத்தால் குறைந்ததை அது முழுக்க ஈடுகட்டாது.

டியூபில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் 75 முதல் 79 வரை இருக்கும். எண் கூடக் கூட வேகம் கூடும். போடியில் 77 ஆடுகிறவர் என்றால் மூணாறுக்கு 75 வாங்குங்கள். அதையும் ஆடுமுன் சோதிக்க வேண்டும். பின்கோட்டின் மேல் நின்று, கீழிருந்து மேலாக, பக்கக்கோட்டுக்கு இணையாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பக்கப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. உள்ளே விழுந்தால் சரியான ஷட்டில். டேப் தேட வேண்டாம்: இரட்டையர் சர்வீஸ் கோடு பின்கோட்டுக்கு 76 செ.மீ. உள்ளேதான் இருக்கிறது. அதை ஒட்டி விழுகிறதா என்று பார்த்தால் போதும்.

75-ம் கிடைக்கவில்லையா? 16 இறகுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக எட்டின் நுனியைச் சிறிதளவு வெளிப்பக்கம் மடியுங்கள்; வேகம் இறங்கும். எட்டையும் ஒரே அளவு மடிக்காவிட்டால் ஷட்டில் தள்ளாடும். உயரமான ஊர்களுக்கு இப்படிச் செய்துகொள்ள விதியிலேயே இடம் உண்டு.

கேள்வி: வீட்டுப் பின்புறம் கோர்ட் போடப் போகிறோம். எந்தத் திசை, என்ன அளவு? (செங்கோட்டை வாசகர்)

பதில்: வடக்கு தெற்காகப் போடுங்கள். உங்கள் ஊரில் சாரல் காலத்துக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும். கோர்ட் கிழக்கு மேற்காக இருந்தால் ஒரு பக்கத்துக்காரருக்குக் காற்று துணை, மற்றவருக்குப் பகை. காற்று கோர்ட்டுக்குக் குறுக்கே அடித்தால் இருவருக்கும் ஒரே தொல்லை. மாலை வெயிலும் யார் கண்ணிலும் நேரே அடிக்காது.

நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10, ஒற்றையருக்கு 5.18. நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் முன் சர்வீஸ் கோடு. கோடுகள் 4 செ.மீ. அகலம். அந்த அகலமும் கோர்ட்டுக்குள் சேர்ந்தது என்பதால் வெளி விளிம்புவரை அளக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். நெட் கம்பத்தருகே 1.55 மீட்டர், நடுவில் 1.524.

வெளியில் ஆட நைலான் ஷட்டில் போதும். இறகு ஷட்டிலைச் சிமெண்டுத் தரையில் ஆடுவது காசைக் கொட்டுவதுதான். காற்று பலமாக உள்ள நாளில் டாஸை விட்டுவிட்டு, நெட் அருகே தட்டிப் பழகுங்கள்.

கேள்வி: பூப்பந்து மட்டையில் ஷட்டில் ஆடலாமா? (கம்பம் வாசகர்)

பதில்: வேண்டாம். பூப்பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர் கம்பளிப் பந்தில் ஆடும் வேறு ஆட்டம். அதன் மட்டை ஷட்டில் பேட்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடை. ஷட்டிலுக்கு வேண்டிய மணிக்கட்டுச் சுழற்சி அதில் வராது.

கேள்வி: சர்வீஸ் உயரம் பற்றி எங்கள் குழுவில் தினமும் சண்டை. (குமுளி வாசகர்)

பதில்: 2018-லிருந்து சர்வதேசப் போட்டிகளில் பின்பற்றும் அளவு இது: அடிக்கும் நொடியில் ஷட்டில் முழுதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். உங்கள் கம்பம் சரியாக 1.55 மீட்டர் என்றால், உச்சியிலிருந்து 40 செ.மீ. கீழே சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.